முகிலூடு கண்ட நீர்: செய்மதி றேடார் வரைந்த நீர்நிலைப் படங்களின் வரலாறு

தேசப்படம் வரைபவனின் எழுதுகோலுக்கு மலை அடங்கும், ஊர் அடங்கும், தெருவும் எல்லையும் அடங்கும். நீர் மட்டும் எளிதில் அடங்குவதில்லை. இவ்வாண்டு அளந்த மலையின் உயரம் அடுத்த ஆண்டிலும் அவ்வாறே நிற்கும். ஆனால், கோடையில் மணற்படுக்கையின் நடுவே சிறு வாய்க்கால்போற் கிடந்த ஆறு, மாரியில் இரு கரைகளையும் விழுங்கிக் காத தூரம் பரந்து செல்கின்றது. ஏரி பெருகுகின்றது, சுருங்குகின்றது. சதுப்பு நிலமோ நிலத்தோடு சேர்வதா நீரோடு சேர்வதா என்று துணியாது ஆண்டுதோறும் தன் எல்லையை மாற்றிக்கொண்டே இருக்கின்றது. ஆதலின், தேசப்படத்தில் நாம் காணும் நீலக்கோட்டை ஆற்றின் நிலையான வடிவமென்று கொள்ளுதல் தவறு. அளவையாளன் சென்ற நாளில் அவ்வாறு எந்நிலையில் இருந்ததோ அந்நிலையின் பதிவே அது.

அளவையாளன் சென்ற நாள் யாது என்பதை ஆராய்ந்தால், பழைய படங்களின் குறை இன்னும் தெளிவாகும். சங்கிலியும் கோணமானியும் கொண்டு காடும் மேடும் நடந்து அளப்பதற்கு ஏற்றது வறண்ட பருவமே. இருபதாம் நூற்றாண்டில் ஆகாய விமானத்திலிருந்து நிழற்படம் பிடிக்கும் முறை பரவிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. ஏனெனில், நிழற்படத்திற்கு ஞாயிற்றின் ஒளியும் முகிலற்ற வானமும் வேண்டும். 1972ஆம் ஆண்டில் ஏவப்பட்ட முதலாவது லாண்ட்சற் செய்மதிக்கும் அவ்விரண்டும் வேண்டியிருந்தன. வெள்ளமோ முகிலோடு வருவது. நீர் மிகுந்திருக்கும் வேளையில் வானம் மூடிக்கிடந்தது. வானம் திறந்த வேளையில் நீர் வடிந்துவிட்டது. இவ்வாறு, நீர்நிலைப் படங்களெல்லாம் நீர் குறைந்த காலத்துப் படங்களாகவே அமைந்தன. அப்படங்களை நம்பி வெள்ளச் சமவெளிகளில் மனை வகுத்தவர்களும், சதுப்பு நிலங்களை வெறும் பாழ்நிலமென்று எண்ணித் தூர்த்தவர்களும் உலகெங்கும் உளர்.

இக்குறையைத் தீர்த்த கருவி றேடார். ஆயினும், ஆறுகளையும் ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் அளக்கும் நோக்கத்தோடு அக்கருவி பிறக்கவில்லை. முதலிற் போருக்கும், பின்பு கடலாராய்ச்சிக்கும், அதன்பின் பாறையாராய்ச்சிக்கும் பயன்பட்ட அக்கருவி, உள்நாட்டு நீர்நிலைகளையே தலையாய நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டு விண்ணில் அமர்வதற்கு நெடுங்காலம் சென்றது. அக்கால நீட்சியின் வரலாற்றையும், அதனால் மனிதன் பெற்ற அறிவின் அளவையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்காந்த அலைகள் உலோகத் தகட்டிற் பட்டுத் தெறிக்கும் என்பதை ஜேர்மனிய அறிஞராகிய ஹேர்ட்ஸ் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் தம் பரிசோதனைகளாற் காட்டினார். 1904ஆம் ஆண்டில் ஹுல்ஸ்மையர் என்னும் மற்றொரு ஜேர்மனியர், இருளிலும் மூடுபனியிலும் கப்பல்கள் ஒன்றையொன்று மோதாதிருக்க இத்தெறிப்பைப் பயன்படுத்தலாமெனக் கண்டு, அதற்கான கருவியொன்றுக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டவென்றி என்னும் இடத்திற்கு அருகே வாற்சன் வாற் என்பார் நிகழ்த்திய பரிசோதனையில், பறந்துசென்ற விமானத்திலிருந்து தெறித்த வானொலி அலைகள் தரையிலிருந்து கண்டறியப்பட்டன. அதனையடுத்து மூண்ட பெரும்போர் றேடாரை விரைந்து வளர்த்தது.

றேடாரின் சிறப்பு இருவகைப்பட்டது. தனக்கு வேண்டிய ஒளியைத் தானே உமிழ்வதால் அதற்குப் பகலும் இரவும் ஒன்றே. அஃது உமிழும் நுண்ணலைகளின் நீளம் சென்றிமீற்றர்க் கணக்கில் அமைந்திருப்பதனால், முகிலிலுள்ள மிகச் சிறிய நீர்த்துளிகள் அவற்றைத் தடுக்க மாட்டா. சாய்வாக வந்து விழும் நுண்ணலைக்கு அமைதியான நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி. வந்த அலையை அப்பாற் செலுத்திவிடும். தெறிப்பு திரும்பி வராமையால் படத்தில் நீர் கருமையாகத் தோன்றும். கரடுமுரடான நிலம் அலையைப் பல திசையிலும் சிதறடிக்க, அதில் ஒரு பங்கு கருவிக்கு மீளும். ஆகவே நிலம் வெளிறித் தோன்றும். கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட எல்லையே கரையாகும்.

இக்கருவியை வானத்தில் ஏற்றுவதில் ஒரு பெருந்தடை இருந்தது. தூரம் மிக மிக, கதிர் விரிந்து, படம் மங்கும். 23.5 சென்றிமீற்றர் அலைநீளமும் 10.7 மீற்றர் நீளமுள்ள அன்ரெனாவும் கொண்டு 850 கிலோமீற்றர் தொலைவிலிருந்து நோக்கினால், தரையில் விழும் கதிரின் அகலம் ஏறத்தாழ 19 கிலோமீற்றராகும். ஓர் ஆற்றை மட்டுமன்று, அதன் இரு கரையிலுமுள்ள ஊர்களையும் ஒரே புள்ளியாகக் காட்டும் படத்தால் யாது பயன்? கூர்மை வேண்டுமாயின் பல கிலோமீற்றர் நீளமுள்ள அன்ரெனா வேண்டும். அத்தகையதை எவரும் வானத்திற் கொண்டுசெல்லல் இயலாது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்இயர் விமானக் கம்பனியிற் பணியாற்றிய காள் வைலி என்பார் இதற்கு வழி கண்டார். கருவி நகர்ந்துகொண்டே அனுப்பிய அலைகளின் எதிரொலிகளையெல்லாம் சேமித்து, நகர்ச்சியினால் ஏற்படும் அதிர்வு மாற்றங்களைக் கணித்து ஒன்றுசேர்த்தால், அது கடந்துசென்ற பாதை முழுவதுமே ஒரு நீண்ட அன்ரெனாவாகப் பயன்படும் என்பது அவர் கண்ட உண்மை. சிறிய உறுப்பு நடந்து நடந்து பெரிய உறுப்பின் வேலையைச் செய்கின்றது. பின்னர் வந்த படமெடுக்கும் செய்மதி றேடார்கள் இவ்வுண்மையின் மீதே எழுந்தவை.

விண்வெளிக்குச் செல்லுமுன் இம்முறை விமானங்களிற் சோதிக்கப்பட்டது. பனாமா நாட்டின் டேரியன் மாகாணம் எந்நாளும் முகிலால் மூடப்பட்டிருந்தமையால், அதனை முழுமையாக நிழற்படம் பிடிக்க எவராலும் இயலவில்லை. 1967ஆம் ஆண்டில் விமான றேடார் அதனை முகிலூடு படம்பிடித்தது. அதனைத் தொடர்ந்து பிறேசில் அரசாங்கம் 1970ஆம் ஆண்டில் றாடாம் என்னும் திட்டத்தைத் தொடங்கி, அமேசன் வடிநிலத்தை விமான றேடாரினால் அளக்கலாயிற்று. 1975ஆம் ஆண்டில் அத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. அதுவரை ஊகத்தால் வரையப்பட்டிருந்த ஆறுகளின் போக்குகள் திருத்தப்பட்டன. ஆயினும், வரலாற்று மாணவர் இதனை வெற்றிக் கதையாக மட்டும் கொள்ளுதல் ஆகாது. காட்டை ஊடறுத்து நெடுஞ்சாலை அமைக்கும் வேலையும் அதே 1970ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. கனிப்பொருள் எங்குளது, உழுதற்கேற்ற மண் எங்குளது என்று அறிதலும் அப்படத்தின் நோக்கமாயிருந்தது. ஓரிடத்தைக் காப்பதற்கும் படம் வேண்டும். அதனைச் சூறையாடுவதற்கும் படம் வேண்டும். எவர் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமைகின்றன.

1978ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்கர் சீசற் என்னும் செய்மதியை ஏவினர். கடல் என்னும் சொல்லையே பெயரிற் கொண்ட அச்செய்மதி, கடலின் அலைகளையும் காற்றுகளையும் ஆராய்வதற்கென அமைந்தது. 800 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 100 கிலோமீற்றர் அகலமுள்ள பட்டையைப் பார்த்து, 25 மீற்றர் அளவுள்ளவற்றையும் பிரித்துக் காட்டியது. மேலே கூறிய 19 கிலோமீற்றரையும் இந்த 25 மீற்றரையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு வைலியின் கண்டுபிடிப்பின் பெருமை விளங்கும். நூறு நாட்களுக்குச் சிறிது மேலே மட்டும் அது தொழிற்பட்டது. ஒக்ரோபர் மாதத்தில் மின்சாரக் கோளாறினால் அடங்கிவிட்டது. ஆனால், கடலைக் கடந்து தரைமேற் செல்லுகையில் அஃது எடுத்த படங்களில் ஆறுகளும் ஏரிகளும் வெள்ளம் புகுந்த காடுகளும் தோன்றின. கடலுக்கு வீசிய வலையில் ஆறும் அகப்பட்டது.

1981ஆம் ஆண்டு நவம்பரிற் கொலம்பியா என்னும் விண்ணோடம் தன் இரண்டாம் பயணத்தில் ஒரு றேடாரை ஏந்திச் சென்றது. லெபனானிற் பிறந்த சாள்ஸ் எலாச்சி என்னும் விஞ்ஞானி அவ்வாராய்ச்சிக்குத் தலைவர். நிலத்தின் பாறையமைப்பை அறிவதே அதன் குறிக்கோள். ஓடத்தின் மின்கலமொன்று பழுதுற்றமையால் ஐந்து நாட் பயணம் இரண்டு நாட்களிற் சுருங்கிற்று. எனினும், ஏறத்தாழ ஒரு கோடி சதுரக் கிலோமீற்றர் பரப்பு படம்பிடிக்கப்பட்டது. அவற்றுள், எகிப்துக்கும் சூடானுக்கும் இடைப்பட்ட செலிமா மணற்பரப்பின் படத்தைக் கண்ட அறிஞர் வியப்புற்றனர். கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றும் அப்பாலைவனத்தில், கிளைகளோடு கூடிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் றேடாருக்குப் புலப்பட்டன. அவற்றுட் சில நைல் நதியின் பள்ளத்தாக்குக்கு நிகரான அகலமுடையன. ஈரம் சிறிதுமில்லாத மணலை நீண்ட நுண்ணலை ஓரிரு மீற்றர் ஆழம் ஊடுருவிச் சென்று, கீழுள்ள பழைய தரையிற் பட்டு மீண்டமையே இதற்குக் காரணம். அடுத்த ஆண்டில் அவ்விடம் சென்று தோண்டியவர்கள் மணலின் கீழ் ஆற்றுப் படிவுகளைக் கண்டனர். கற்கால மக்கள் பயன்படுத்திய கைக்கோடரிகளும் அங்கே கிடைத்தன. ஆறு ஓடிய காலத்தில் அதன் கரையில் மனிதன் வாழ்ந்திருந்தான். ஆறு மறைய அவனும் அகன்றான். வானத்திலுள்ள ஒரு கருவி, எழுத்துத் தோன்றுவதற்கு எத்தனையோ ஊழி முற்பட்ட ஒரு வரலாற்றின் ஏட்டை விரித்துக் காட்டிற்று.

1984ஆம் ஆண்டில் மீண்டும் விண்ணோடத்திற் சென்ற றேடார் நம் ஆசியாவிற்கு அணித்தான ஒரு பயனைத் தந்தது. வங்காள தேசத்தின் தென்பகுதிக் கண்டல் மரக்காடுகளும் வெள்ளம் பாய்ந்த நிலங்களும் அதனாற் படம்பிடிக்கப்பட்டு ஆராயப்பட்டன. அங்கே, இலைக் கூரையின் கீழ் மறைந்து நின்ற நீரின் எல்லையையும் றேடார் காட்டியது. வெறும் நீர் கருமையாகத் தோன்றுமென முன்னர்க் கூறினோம். மரங்களினிடையே நிற்கும் நீர் அதற்கு மாறாக மிக்க வெண்மையாகத் தோன்றும். நீண்ட அலை இலைகளைக் கடந்து நீரிற் படுகின்றது. நீர் அதனை அப்பாற் செலுத்த, எதிரே செங்குத்தாக நிற்கும் மரத்தின் அடி அதனை வந்த வழியே திருப்புகின்றது. சுவரும் தரையும் கூடும் மூலையில் எறிந்த பந்து எறிந்தவனிடமே மீள்வது போன்றது இது. ஈரிடத்துத் தெறிப்பென்னும் இவ்வுண்மை தெளிந்தபின், காட்டினுள் ஒளிந்த வெள்ளம் ஒளிய இடமற்றதாயிற்று. ஐந்து சென்றிமீற்றர் நீளமுள்ள குறுகிய அலைகள் அடர்ந்த இலைகளிலேயே சிதறிவிடும். இருபது சென்றிமீற்றருக்கு மேற்பட்ட அலைகளே இப்பணிக்கு உகந்தவை என்பதும் அக்காலத்திலேயே உணரப்பட்டது.

ஓரிரு நாள் பறந்து மீளும் விண்ணோடத்தால் ஓர் ஆற்றின் ஆண்டு முழுவதற்குமான வாழ்க்கையை அறிய இயலாது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1991ஆம் ஆண்டில் ஈ.ஆர்.எஸ்.-1 என்னும் செய்மதியையும், யப்பானியர் 1992ஆம் ஆண்டில் ஜேர்ஸ்-1 என்னும் செய்மதியையும் ஏவியபோது அக்குறை நீங்கிற்று. சிறப்பாக, நீண்ட அலை கொண்ட யப்பானியச் செய்மதி 1995ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அமேசனில் நீர் தாழ்ந்திருந்த காலத்தையும், 1996ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நீர் உயர்ந்திருந்த காலத்தையும் முழுமையாகப் படம்பிடித்தது. ஒரே நிலத்தின் இரு பருவங்கள் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டன. கலிபோணியாவைச் சேர்ந்த லோறா ஹெஸ், ஜோன் மெலாக் ஆகியோரும் அவர்தம் பிறேசிலியத் துணைவரும் அப்படங்களிலிருந்து வரைந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்திய அமேசன் படம் இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். 17 இலட்சத்து 70 ஆயிரம் சதுரக் கிலோமீற்றர் பரப்பில் நூற்றுக்கு 17 பங்கு நீர்சார் நிலமென அவர்கள் கண்டனர். அந்நிலத்தில், நீர் உயர்ந்த காலத்தில் நூற்றுக்கு 96 பங்கும், நீர் தாழ்ந்த காலத்தில் நூற்றுக்கு 26 பங்கும் நீரில் மூழ்கியிருந்தன. இவ்விரு எண்களுக்குமிடையேயுள்ள வேறுபாட்டைச் சிந்தித்தல் வேண்டும். வறண்ட பருவத்தை மட்டும் நம்பி வரைந்த படம், நான்கில் மூன்று பங்கு நீரைக் காணாமலே விட்டிருக்கும்.

இது வெறும் பரப்பளவுக் கணக்கோடு முடிந்ததன்று. நீரில் மூழ்கிய காடு மட்கி, கரியமிலவாயுவையும் மெதேனையும் வெளிவிடுகின்றது. றேடார் கண்ட வெள்ளப் பரப்பைத் துணைக்கொண்டு ஜெப்ரி றிச்சியும் அவர்தம் துணைவரும் 2002ஆம் ஆண்டில் செய்த கணிப்பின்படி, அமேசன் வடிநிலத்தின் நீர்நிலைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 கோடி தொன் கரியைக் கரியமிலவாயு வடிவில் வளிமண்டலத்திற்கு விடுகின்றன. அவ்வாறு கடலுக்குக் கொண்டுசெல்லும் சேதனக் கரியைப் போல அது பத்து மடங்கினதாகும். உலகின் வெப்பநிலை பற்றிய கணக்கில் ஆறுகளையும் சதுப்பு நிலங்களையும் ஒதுக்கிவிட முடியாது என்பதை இக்கணிப்பு அறிஞர்க்கு உணர்த்திற்று.

நீரின் பரப்பை அறிந்தால் மட்டும் போதுமா? ஒரு குளத்திலுள்ள நீரின் அளவை அறிய விரும்பும் உழவன், குளம் எவ்வளவு பரந்துள்ளது என்பதோடு நீர் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதையும் பார்க்கின்றான். செய்மதிகள் இரண்டாவது வினாவுக்கு விடைகூறத் தொடங்கியதும் கடலாராய்ச்சியின் வழியாகவே. 1992ஆம் ஆண்டில் அமெரிக்கரும் பிரான்சியரும் சேர்ந்து ஏவிய ரொபெக்ஸ்-பொசைடன் செய்மதி, நேர் கீழே அலையை அனுப்பி, அது மீளும் காலத்தைக்கொண்டு கடல்மட்டத்தை அளந்தது. அதன் பாதைக்கு நேர் கீழே பேரேரிகளும் பேராறுகளும் வந்தபோது அவற்றின் மட்டமும் கிடைத்தது. ஆனால், நிலநடுக்கோட்டில் அதன் பாதைகளுக்கிடையே 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. இடையிற் கிடந்த ஏரிகள் அளவின்றியே கிடந்தன.

1994ஆம் ஆண்டில் என்டெவர் விண்ணோடம் எடுத்த றேடார்ப் படங்களைக் கொண்டு டக்ளஸ் அல்ஸ்டோப்பும் அவர்தம் துணைவரும் வேறொரு வழியை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்தடுத்த நாட்களில் ஒரே இடத்திலிருந்து மீண்ட அலைகளின் அவத்தைகளை ஒப்பிட்டால், வெள்ளக் காட்டினுள் நீர்மட்டம் சில சென்றிமீற்றர் ஏறியதையும் இறங்கியதையும் அறியலாமென அவர்கள் காட்டினர். அதே 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் என்டெவர் மறுபடியும் சென்று, 60 மீற்றர் நீளமுள்ள கம்பமொன்றை நீட்டி, அதன் முனையில் இரண்டாவது அன்ரெனாவைத் தாங்கி, உலகத் தரையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கின் உயரங்களை அளந்தது. அவ்வுயரப் படத்திலிருந்து ஆறுகளின் போக்குகளும் வடிநிலங்களின் எல்லைகளும் உலகளாவிய முறையில் வகுக்கப்பட்டன. ஓராற்றுக்கு ஒரு நாடு தன் எல்லைவரை மட்டும் படம் வரைந்துகொண்டிருந்த நிலை மாறி, ஊற்று முதற் கழிமுகம் வரை ஒரே அளவையில் அமைந்த படம் அனைவர்க்கும் கிடைத்தது.

வெள்ளக் காலத்தில் உயிர்காக்கும் கருவியாகவும் றேடார் வளர்ந்தது. 1997ஆம் ஆண்டிற் கனடாவின் மனிற்ரோபா மாகாணத்திற் செவ்வாறு பெருகியபோது, அந்நாட்டின் றேடார்சற் செய்மதி வெள்ளத்தின் பரப்பைக் காட்டியது. 2014ஆம் ஆண்டில் ஐரோப்பியர் சென்ரினல்-1ஏ என்னும் செய்மதியை ஏவி, அதன் படங்களை விலையின்றி எவரும் பெறலாமென அறிவித்தனர். இதற்கு முன்னர் ஒரு படத்தின் விலையே ஓர் ஏழை நாட்டின் ஆராய்ச்சியாளனைத் தடுத்து நிறுத்தப் போதியதாயிருந்தது. அத்தடை நீங்கியமை கருவியின் கூர்மையிலும் பெரிய முன்னேற்றமாகும். 2019ஆம் ஆண்டு மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கைத் தாக்கிப் பெய்ரா நகரின் சுற்றுப்புறங்களை ஒரு கடலாக மாற்றியபோது, முகிலூடு எடுத்த சென்ரினல் படங்களே நிவாரணம் கொண்டுசென்றோர்க்கு வழிகாட்டின. 2021ஆம் ஆண்டு முதல் உலகின் வெள்ளங்களை இச்செய்மதிப் படங்களிலிருந்து மனிதர் தலையீடின்றிக் கணித்து வெளியிடும் சேவையொன்றும் நடைபெறலாயிற்று.

2022ஆம் ஆண்டிற் பாகிஸ்தானில் நிகழ்ந்த பெருவெள்ளம் இன்னொரு பாடத்தைத் தருகின்றது. நாட்டின் மூன்றிலொரு பங்கு நீரில் மூழ்கியதென்ற செய்தி அந்நாளில் உலகெங்கும் பரவிற்று. செய்மதிப் படங்களைக் கொண்டு கணித்தவர்களோ ஏறத்தாழப் பத்திலொரு பங்கு என்றனர். இதனால் மக்கள் உற்ற துன்பம் சிறிதும் குறைந்ததாகாது. பத்திலொரு பங்கென்பதே எத்தனையோ நாடுகளின் முழுப் பரப்பிலும் பெரிது. ஆயினும், உதவி எங்கே செல்லவேண்டும், எக்கரை முதலில் உயர்த்தப்படவேண்டும் என்பனவற்றை இரக்கத்தால் மட்டும் தீர்மானித்தல் இயலாது. அதற்குச் சரியான அளவு வேண்டும்.

இவ்வளவு பயனும் பெரும்பாலும் வேறு நோக்கங்களுக்கென அமைந்த கருவிகளிலிருந்து பெறப்பட்டவை. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி அமெரிக்கரும் பிரான்சியரும் கனடியரதும் பிரித்தானியரதும் துணையோடு ஏவிய சுவொற் என்னும் செய்மதி, கடலோடு தரைமேலுள்ள நீரையும் தன் இரு கண்ணாகக் கொண்டது. சீசற் சென்று நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் இது நிகழ்ந்தது. 10 மீற்றர் இடைவெளியில் நிற்கும் இரண்டு அன்ரெனாக்கள் ஒரே புள்ளியின் தெறிப்பை ஏற்கின்றன. அவ்விரண்டுக்கும் வந்த வழிகளின் நுண்ணிய வேறுபாட்டிலிருந்து அப்புள்ளியின் உயரம் கணிக்கப்படுகின்றது. பாதையின் இருமருங்கும் ஐம்பது ஐம்பது கிலோமீற்றர் அகலமுள்ள பட்டைகளை அளந்து, 21 நாட்களுக்கு ஒருமுறை அது தன் சுற்றை முடிக்கின்றது. 100 மீற்றருக்கு மேல் அகன்ற ஆறுகளையும், 62,500 சதுர மீற்றருக்கு மேற்பட்ட ஏரிகளையும் அளப்பதே அதன் இலக்கு. பழைய றேடார்கள் சாய்ந்து நோக்கியமையால் நீர் கருமையாயிற்று. இதுவோ ஏறத்தாழ நேர் கீழாக நோக்குவதால் இதன் படத்தில் நீரே வெண்மையாய் ஒளிர்கின்றது. நீரின் பரப்பும் உயரமும் ஒரே வேளையில் கிடைப்பதனால், நீரின் கொள்ளளவு எவ்வளவு மாறிற்று என்பதைக் கணிக்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

2025ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி, இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து ஆக்கிய நைசார் என்னும் செய்மதி சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அமெரிக்கர் அமைத்த 24 சென்றிமீற்றர் அலையும் இந்தியர் அமைத்த குறுகிய அலையும் அதில் ஒருங்கே உள்ளன. 12 மீற்றர் குறுக்களவுள்ள அன்ரெனாத் தட்டு விரிந்து, 12 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தை நோக்கும் வகையில் அஃது அமைக்கப்பட்டுள்ளது. காட்டினுள் மறைந்த வெள்ளத்தை நீண்ட அலையே காணும் என்று முன்னர்க் கூறியதை நினைவிற் கொண்டால், நீர்சார் நிலங்களை ஆராய்வோர் இச்செய்மதியை எதிர்நோக்கியிருந்தமை வியப்பன்று.

பூமிக்கு அப்பாலும் இவ்வரலாறு ஒரு கிளை விடுகின்றது. சனிக்கிரகத்தின் துணைக்கோளாகிய டைட்டன் அடர்ந்த மஞ்சள் மூட்டத்தால் மூடப்பட்டது. 2006ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கசினி விண்கலத்தின் றேடார் அம்மூட்டத்தை ஊடுருவி, வட துருவத்தின் அருகே கருமையான ஏரிகளைக் கண்டது. 2012ஆம் ஆண்டில் 400 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஓர் ஆறும் தோன்றிற்று. அங்கே ஓடுவது நீரன்று. கடுங்குளிரில் திரவமாகிய மெதேனும் ஈதேனுமாகும். அக்கருவியின் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் சகாராவின் மறைந்த ஆறுகளைப் படம்பிடித்த அதே எலாச்சியே. மணலின் கீழ் இறந்துபோன ஆற்றையும், மற்றோர் உலகில் உயிரோடு ஓடும் ஆற்றையும் ஒருவரே காணும் பேறு பெற்றார்.

இக்கருவியின் குறைகளையும் கூறாதொழிதல் நேர்மையாகாது. காற்று வீசி நீர்ப்பரப்புக் கலங்கினால், சாய்ந்து நோக்கும் றேடாருக்கு நீர் நிலம்போலத் தோன்றும். வழுவழுப்பான மணற்பரப்பும் நெடுஞ்சாலையும் நீர்போலத் தோன்றும். மலையின் பின்புறம் அலை புகாத நிழலாகும்; நெருங்கிய கட்டடங்களின் இடையே நின்ற வெள்ளத்தைப் பிரித்தறிதல் அரிது. கருவி பழுதுறுதலும் உண்டு. சென்ரினல்-1பீ என்னும் செய்மதி 2021ஆம் ஆண்டு டிசெம்பரில் செயலிழந்தமையால், 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் சென்ரினல்-1சீ ஏவப்படும்வரை, பல நாடுகளுக்கு ஆறு நாட்களிற் கிடைத்த படம் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறையே கிடைத்தது. பன்னிரண்டு நாட்களில் ஒரு வெள்ளம் வந்து, அழித்து, வடிந்தும்விடும்.

எல்லாவற்றினும் மேலாக, வானத்துக் கணக்கு சரியோ பிழையோ என்று தீர்ப்பது தரையில் நாட்டிய அளவுகோலே. அமேசன் படத்தை வரைந்தவர்களும் தாழப் பறந்து எடுத்த படங்களோடு ஒப்பிட்டே தம் முடிவை உறுதிசெய்தனர். சகாராவில் மண்வெட்டி இறங்கிய பின்னரே மறைந்த ஆறு மெய்யெனக் கொள்ளப்பட்டது. ஆனால், செய்மதி வந்துவிட்டதென்ற நினைவில் ஆற்றங்கரை அளவுகோல்களைப் பேணாது விடும் போக்குப் பல நாடுகளிற் காணப்படுகின்றது. மேலிருந்து பார்க்கும் கண் கூர்மையாக ஆக, கீழிருந்து அளக்கும் கையும் உறுதிப்படல் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஈழநாட்டவராகிய நமக்கும் இதில் சிந்தித்தற்கு இடமுண்டு. வடகீழ்ப் பருவக்காற்று மழை தருங்காலம் நமது வடக்கு கிழக்கு வானம் முகில் செறிந்த காலம். ஒளியை நம்பிய படத்துக்கு நமது குளங்கள் நிரம்பும் காட்சி எளிதில் அகப்படுவதில்லை. றேடாருக்கு அத்தடை இல்லை. எனினும், சுவொற் செய்மதியின் இலக்காகிய 62,500 சதுர மீற்றரென்பது ஆறே கால் ஹெக்டேயர். அதனிலும் சிறிய ஊர்க்குளங்கள் நம்மிடையே மிகப் பல. அவை அக்கணக்கில் வந்து சேரா. விலையின்றிக் கிடைக்கும் சென்ரினல் படங்களை எடுத்து, குளத்தின் கட்டில் நின்று அளந்த நீர்மட்டத்தோடு பருவந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்தல், கணிதமும் புவியியலும் கற்கும் எந்த மாணவனுக்கும் இயலாத காரியமன்று. அத்தகைய பதிவுகள் சில ஆண்டுகள் தொடர்ந்து சேருமாயின், எக்குளம் தூர்ந்து வருகின்றது, எந்தத் தாழ்நிலம் வெள்ளத்திற்கு இடங்கொடுத்து ஊரைக் காக்கின்றது என்பவற்றை ஐயமற நிறுவலாம். தூர்ப்பதற்கு முன் காட்டவேண்டிய சான்று, தூர்த்தபின் கிடைத்துப் பயனில்லை.

நீலக்கோடாக நின்ற ஆறு, ஒரு நூற்றாண்டுக்குள், ஏறியும் இறங்கியும் மூச்சுவிடும் ஓர் உயிர்போலப் படத்தில் இயங்கத் தொடங்கியுள்ளது. அவ்வியக்கத்தைக் காணும் வாய்ப்பு இன்று சில வல்லரசுகளுக்கு மட்டும் உரிய செல்வமாக இல்லை. அதனைப் பயன்படுத்தும் அறிவும் முயற்சியுமே இனி வேண்டுவன. அவை கல்விக்கூடங்களில் வளர்தற்குரியவை.